இசை இதழுக்கு எழுத்துருவும் தோற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரிலிருந்து தமிழில் இசை இதழ் நடத்துபவர்கள், நடத்த ஆசைப்படுபவர்கள், சபாவின் ஆண்டு மலர் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள் ஆகியோர் வடிவமைப்பாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கர்நாடக இசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அச்சில் அதிகம் தொல்லை தருவது அதுதான்.

எழுத்துருத் தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

அட்டையிலிருந்து வேண்டாம். ஆசிரியர் குழுவின் முதல் கூட்டம் பெரும்பாலும் அட்டையைப் பேசியே முடிந்துவிடும். அட்டையில் இருப்பது பத்துச் சொல். எந்த எழுத்துருவும் அதைத் தாங்கிவிடும். இதழில் மிகக் கடினமான பக்கம் எது என்று பாருங்கள். ஸ்வரக் குறிப்புடன் ஒரு கிருதி வரும் பக்கம்தான் அது: மேலே ஸ்வர வரி, அடியில் சாகித்திய (பாடல் சொற்கள்) வரி, தாளக் கோடுகள், ஸ்தாயியைக் (ஒலியின் உயரத்தைக்) காட்டும் புள்ளிகள், தெலுங்குச் சொற்களின் தோளில் சிறிய எண்கள். அந்த ஒரு பக்கத்தை முதலில் அமைத்து, அச்சிட்டு, பாட்டு வாத்தியார் ஒருவர் முன்னால் வைத்துப் பாடச் சொல்லுங்கள். அவர் தடுமாறாமல் பாடினால் எழுத்துரு தேறிவிட்டது. பேட்டியும் விமர்சனமும் விளம்பரமும் பிறகு எளிதாக அமையும்.

சோதிக்க எந்தச் சொற்களை அடித்துப் பார்க்க வேண்டும்?

ராகப் பெயர்களே போதும். ‘ரீதிகௌள’ என்று அடித்துப் பாருங்கள். ஔகாரக் குறியின் வால் பகுதிக்கும் ‘ள’ என்ற எழுத்துக்கும் பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. இந்தச் சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதனாலேயே தட்டச்சு செய்பவர்கள் எகரக் கொம்பும் இரண்டு ளகரமும் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், பிடிஎஃப்பில் தேடினால் கிடைக்காது. குறியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருக்கும் எழுத்துரு நல்லது. அடுத்து ‘ஷண்முகப்ரியா’, ‘ஹம்ஸத்வனி’, ‘ஜகன்மோகினி’. ஷ, ஹ, ஸ, ஜ ஆகியவை மற்ற தமிழ் எழுத்துகளின் உயரத்திலும் கனத்திலும் இருக்கின்றனவா, வெளியூர் விருந்தாளிகள் போல ஒதுங்கி நிற்கின்றனவா என்று இவை சொல்லிவிடும். இசை இதழில் கிரந்த எழுத்துகள் ஒவ்வொரு பத்தியிலும் வருவதால் இது சின்னக் குறை ஆகாது.

‘ஸ்ரீ’ தனிக் கதை. 2005-இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு அதே வடிவத்தை இரண்டு விதமாக உள்ளிட முடிகிறது. கோப்புக்குள் எந்த முறை என்று முதல் இதழிலேயே முடிவெடுத்து, கட்டுரைகள் வந்தவுடன் ஒரே முறைக்கு மாற்றிவிடுங்கள்.

தார ஸ்தாயிப் புள்ளியும் மெய்யெழுத்துப் புள்ளியும் ஒன்றாகத் தெரிகின்றனவே, என்ன செய்வது?

தமிழில் ஸ்வரம் எழுதும்போது வரும் மிகப் பெரிய சிக்கல் இதுதான். தார (உயர்ந்த) ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி, மந்த்ர (தாழ்ந்த) ஸ்தாயிக்குக் கீழே புள்ளி என்பது வழக்கம். கன்னடத்திலும் தெலுங்கிலும் இது சிக்கல் இல்லை. தமிழில் ‘ப’ மேல் புள்ளி வைத்தால் அது ‘ப்’. ஸ்வர வரியில் மெய்யெழுத்து வராது என்று பழகியவருக்குத் தெரியும். புதிதாகக் கற்கும் குழந்தைக்குத் தெரியாது. அதே பக்கத்தில் ஒரு விரற்கடை கீழே உள்ள சாகித்தியத்தில் அதே வடிவம் உண்மையான மெய்யெழுத்தாகவும் நிற்கிறது.

பலர் தார ஷட்ஜத்துக்கு (மேல் ‘ஸ’வுக்கு) ‘ஸ்’ என்றே தட்டிவிடுகிறார்கள். ஸ, ம, ப என்று போகும்வரை பிழைத்துக்கொள்ளலாம். ‘ரி’, ‘நி’ வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். இகரக் குறிக்குப் பிறகு புள்ளி வைத்தால் அது தமிழ் எழுத்தமைப்புக்குள் அடங்காது. பல மென்பொருள்களில் புள்ளிக்கோட்டு வட்டம் ஒன்று முளைக்கும்.

கைவசம் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஸ்வர வரியைக் கட்டம் கட்டிய அட்டவணையாக அமைத்து, புள்ளிகளுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தனி வரி கொடுப்பது. வேலை அதிகம் என்றாலும் எந்த எழுத்துருவிலும் நடக்கும். இரண்டாவது, புள்ளியை வேறு நிறத்தில் அச்சிடுவது. இரண்டு வண்ணப் பக்கங்களில் அழகாகவே இருக்கும். ஆனால் ஒளிநகல் எடுத்தால் போய்விடும், பாட்டு வகுப்புகளில் ஒளிநகல் எடுக்காமல் யாரும் இருக்கப்போவதில்லை. மூன்றாவது, எனக்குப் பிடித்தது, திறந்த உரிமம் கொண்ட ஓர் எழுத்துருவை எடுத்து, 7 ஸ்வரங்களுக்கும் மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி என்று 14 வடிவங்களைத் தனியாக வரைந்து சேர்ப்பது. இந்தப் புள்ளி மெய்யெழுத்துப் புள்ளியைவிட உயரத்தில், அளவில் சிறிதாக, ரி, நி எழுத்துகளில் இகரச் சுழியைத் தொடாமல் நிற்க வேண்டும். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளிலேயே செய்யலாம். ஒருமுறை செய்துவிட்டால் இதழ் உள்ளவரை உழைக்கும்.

‘இவ்வளவு மெனக்கெட வேண்டுமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. கமகங்களுக்கு (ஸ்வரங்களின் அசைவுகளுக்கு) தனித்தனிக் குறிகள் அதில் உண்டு. கணினி இல்லாத காலத்தில் ஒரு சமஸ்தான ஊரில் முடிந்தது நமக்கு முடியாது என்று சொன்னால் நன்றாக இருக்காது.

தெலுங்கு, கன்னட, சமஸ்கிருதப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் போடும்போது எண்கள் அவசியமா?

அவசியம். க, ச, ட, த, ப என்ற ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த மொழிகளில் நான்கு ஒலிகள். தமிழ் இசைப் புத்தகங்கள் வெகு காலமாக 2, 3, 4 என்ற சிறிய மேலெழுத்து எண்களால் அவற்றைப் பிரித்துக் காட்டி வருகின்றன: கோ³விந்த³, ப⁴க்தி, க³ஜமுக². எண் உயிர்க்குறிக்குப் பிறகுதான் வர வேண்டும். ககரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் நுழைத்தால் எழுத்து உடைந்துவிடும்.

இங்கே எழுத்துருவில் ஒரு பொறி இருக்கிறது. மேலெழுத்து 2, 3 ஆகியவை பழைய அடிப்படை எழுத்துத் தொகுப்பிலேயே இருப்பவை. மேலெழுத்து 4 அதில் இல்லை, யூனிகோடில் வேறு பகுதியில் இருக்கிறது. அதனால் பல தமிழ் எழுத்துருக்களில் முதல் இரண்டும் இருக்கும், நான்கு இருக்காது. மென்பொருள் அதை வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். பக்கம் முழுவதும் 4 மட்டும் பெரிதாகவோ மெலிந்தோ தெரியும். எழுத்துருவை வாங்கும் முன் இந்த மூன்று எண்களையும் ஒரே வரியில் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஸ்வர வரியில் க₃ என்றால் அந்தர காந்தாரம் என்ற ஸ்வர வகை. சாகித்திய வரியில் க³ என்றால் ‘கோவிந்தா’வில் வரும் முதல் ஒலி. ஒரே எழுத்து, ஒரே எண், இரண்டு பொருள். ஸ்வர வகைக்குக் கீழெழுத்து, ஒலிக்கு மேலெழுத்து என்று பிரித்து, இதழ் முழுவதும் மாறாமல் வைத்திருங்கள். பாடல் பகுதி தொடங்கும் பக்கத்தில் சிறு கட்டம் போட்டு விளக்கிவிடுங்கள்.

பெங்களூர் வாசகர்களுக்காகக் கன்னட எழுத்தையும் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும் என்பேன். அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். தமிழ் எழுத்தைவிடக் கன்னட எழுத்தை வேகமாகப் படிப்பவர்கள் அவர்களில் உண்டு. புரந்தரதாசர் பதத்தைக் கன்னட எழுத்தில் கொடுத்தால் அவர்களுக்கு மேலெழுத்து எண்களே தேவையில்லை. பாட்டிக்குத் தமிழ்ப் பத்தி, பேத்திக்குக் கன்னடப் பத்தி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

இரண்டு எழுத்துகளும் ஒரே கை வரைந்தது போலத் தெரிய, ஒரே குடும்பத்திலிருந்து எடுப்பது எளிய வழி. நோட்டோ செரிஃப் குடும்பத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, தேவநாகரி நான்கும் உண்டு. டிரோ வரிசையிலும் டிரோ தமிழ், டிரோ கன்னடம், டிரோ தெலுங்கு உண்டு. சமஸ்கிருதத்துக்கென்றே தனித் தேவநாகரியும் உண்டு. மும்பையில் இயங்கும் எக் டைப் உருவாக்கிய அனெக் குடும்பம் 10 எழுத்துமுறைகளுக்கு வருகிறது. ஒரே பாயிண்ட் அளவில் வைத்தாலும் கன்னடம் சற்றுப் பெரிதாகத் தோன்றினால் அரை பாயிண்ட் குறைத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ஒத்தக்ஷரங்கள் (கூட்டெழுத்தின் அடிப்பகுதிகள்) வரிக்குக் கீழே தொங்கும். வரி இடைவெளியை அவற்றுக்கேற்ப வைத்து, அதே இடைவெளியைத் தமிழ்ப் பத்திக்கும் கொடுத்தால்தான் வரிகள் நேருக்கு நேர் நிற்கும்.

சரி, கட்டுரைகளுக்கு எந்த எழுத்துரு?

நீண்ட கட்டுரைக்கும் பேட்டிக்கும் டிரோ தமிழ் அழகு. பழைய ஈய எழுத்தின் தடிப்பும் மெலிவும் அதில் இருக்கின்றன. ஆனால் அதில் தடித்த வகை கிடையாது. மென்பொருளில் ‘போல்ட்’ பொத்தானை அழுத்தினால் கோட்டைச் செயற்கையாக ஊதிக் கொடுக்கும். ண, ஜ, ஹ எழுத்துகளின் உள்வெளிகள் அடைந்துபோகும். பேட்டியில் கேள்விகளைத் தடித்த எழுத்தில் போடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், கேள்விக்கு முக்தா மலர் போன்ற நேர்கோட்டு (கோட்டின் கனம் எங்கும் ஒன்றாக உள்ள) எழுத்துருவின் தடித்த வகையை வையுங்கள். அல்லது முழுவதும் நோட்டோ செரிஃப் தமிழ். கனங்கள் பல இருப்பதால் கவலை இல்லை, கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும்.

கச்சேரி நாட்காட்டி, விளம்பரக் கட்டங்கள், படக்குறிப்புகள் இவற்றுக்கு ஹிந்த் மதுரை, முக்தா மலர், அனெக் தமிழ் மூன்றில் எதுவும் சரி. ஓர் இதழுக்கு இரண்டு எழுத்துருக் குடும்பம் போதும். மூன்றாவது கேட்கும் உதவி ஆசிரியரிடம் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் ‘மாறுதலாக இருக்கட்டுமே’ என்பார்.

நீங்கள் விரும்பும் வேறு எழுத்துருவைக் கட்டாயம் வாங்கலாம். இங்கே சொன்னவை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை: விற்பனை இதழில் அச்சிடலாம், பிடிஎஃப்பில் பதிக்கலாம், திருத்தவும் செய்யலாம், திருத்தியதைப் பகிர்ந்தால் அதே உரிமத்தில், பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் வேறு பெயரில் பகிர வேண்டும். ஸ்வரப் புள்ளிகளைச் சேர்க்க அந்த உரிமை தேவைப்படும்.

கட்டுரையாளர்கள் பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய டிடிபி எழுத்துருக்களில் அனுப்புகிறார்களே?

வந்த அன்றே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள். மேலெழுத்து எண்களும் கிரந்த எழுத்துகளும்தான் மாற்றத்தில் முதலில் சிதறும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் எழுத்து உடைந்து தெரிந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அநேகமாக அதுதான்.

எத்தனை பாயிண்ட், எத்தனை பத்தி?

ஏ4 அளவுப் பக்கத்தில் இருபுறமும் 18 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 174 மிச்சம். நடுவே இடைவெளி விட்டு மூன்று பத்தி பிரித்தால் ஒவ்வொன்றும் 55 மில்லிமீட்டர்தான் இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று, நான்கு சொல்தான் நிற்கும், இரு ஓரமும் சமப்படுத்தினால் நடுவில் வெள்ளை ஆறு ஓடும். இரண்டு பத்தியாக வைத்தால் 84 மில்லிமீட்டர். 10 பாயிண்ட் எழுத்து, 14.5 வரி இடைவெளியில் நன்றாகப் படிக்கலாம். மூன்று பத்திதான் வேண்டும் என்றால் வலது ஓரத்தைச் சமப்படுத்தாமல் விட்டுவிடுங்கள். சொல்லை உடைக்கும்போது அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. இதை மென்பொருளை நம்பி விடாதீர்கள்.

பாடல் பக்கத்துக்குக் கணக்கு வேறு. அதைப் படிப்பவர் நாற்காலியில் சாய்ந்து படிக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, தம்புராவையோ சுருதிப் பெட்டியையோ வைத்துக்கொண்டு, இதழைத் தரையில் விரித்துப் பாடுகிறார். கண்ணுக்கும் தாளுக்கும் தூரம் அதிகம். அதனால் ஸ்வர வரி 13 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. பல்லவி ஒரு தாளிலும் சரணம் அதன் பின்பக்கத்திலும் வந்தால், ஒரு கை தாளத்தில் இருக்கும்போது அவர் எந்தக் கையால் பக்கம் திருப்புவார்? எதிரெதிர்ப் பக்கங்களில் கிருதி முடிந்துவிட வேண்டும். சென்டர் பின் அடித்த இதழில் நடுப்பக்கம் விரித்தால் விரித்தபடி கிடக்கும். பாடலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பசை பைண்டிங் போட்ட தடித்த மலர் பாதிப் பாட்டில் தானாக மூடிக்கொள்ளும்.

ராகப் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடலாமா?

வேண்டாம். ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு நீண்ட மரபு உண்டு; தமிழ் எழுத்தை மென்பொருளால் சாய்த்தால் ழகரமும் ஞகரமும் விழப்போவது போல நிற்கும். ராகம், தாளம் இரண்டையும் உருப்படியின் (பாடலின்) பெயருக்கு அடுத்து ஓர் அரை பாயிண்ட் சிறிய நேர்கோட்டு எழுத்தில் கொடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அலங்கரிப்பதும் கூடாது. ‘கொ’ மூன்று துண்டாகப் பிரிந்து அலையும்.

தலைப்புகளில் கொஞ்சம் விளையாடலாமா?

தாராளமாக. தலைப்பு எழுத்துருவுக்கு அகலத்தைச் சுருக்க முடியுமா என்று பாருங்கள். ‘கரகரப்ரியாவின் கிளைகள்’ போன்ற தலைப்பு சாதாரண அகலத்தில் இரண்டு வரிக்கு ஓடும். அனெக் தமிழில் அகலத்தை 75 சதவீதம் வரை குறைக்கும் வசதி வடிவத்திலேயே இருக்கிறது, கோடுகள் நசுங்காது. எழுத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்குவதும் இதுவும் ஒன்றல்ல.

ராக் குழுக்கள், கானா, திரையிசை இவற்றுக்குத் தனித் தோற்றம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். நிறம், படம், தலைப்பின் அளவு ஆகியவற்றில் கொடுங்கள். கட்டுரை எழுத்தை மாற்றாதீர்கள். 1994-இல் அமெரிக்க இசை இதழான ரே கன்னில், வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டியைச் சுவாரசியமில்லை என்று கருதி, முழுவதையும் எழுத்துக்குப் பதில் குறிகள் மட்டுமே கொண்ட ஸாஃப் டிங்பாட்ஸில் அச்சிட்டார். உலகம் முழுவதும் பேசப்பட்டது. உங்கள் சபாச் செயலாளர் பேட்டிக்கு அதைச் செய்ய ஆசை வரலாம். ஆயுள் சந்தா இருப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

வீணை, மயில், தாமரை இல்லாமல் இசை இதழ் எப்படித் தெரியும்?

பாடுபவரின் முகத்தால் தெரியும். வீணைப் படத்தைக் கரை போட்டு ஓரத்தில் ஓட்டுவது திருமணப் பத்திரிகையின் வேலை. சுல்தான்பேட்டையில் கடை கடையாக அதைப் பார்க்கலாம். வயலின் வடிவில் நிற்கும் சௌடையா நினைவு மண்டபத்தை அட்டையில் போடும் ஆசையும் பெங்களூரில் எல்லோருக்கும் ஒருமுறை வரும். ஒரு முறை போடுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

கச்சேரிப் படங்களில் பெரிய சிக்கல் முகத்தை மறைக்கும் ஒலிவாங்கி. மேடைக்கு நேர் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் 45 பாகைக்குப் போய் எடுக்கச் சொல்லுங்கள். 1939-இல் தொடங்கிய, சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கும் ராமநவமி விழா போன்ற பந்தல் கச்சேரிகளில் வண்ண விளக்கு முகத்தை ஊதாவாக்கிவிடும். அத்தகைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் காப்பாற்றலாம். பாடகரைவிட மிருதங்கக்காரரின் கை நல்ல படம் தரும். பக்கவாத்தியக்காரர்களுக்கு அட்டையில் இடம் கொடுக்கும் இதழ்கள் குறைவு என்பதால் புதுமையாகவும் இருக்கும்.

இதழின் பெயரை எந்த எழுத்துருவில் வைப்பது?

எதிலும் வேண்டாம், கையால் எழுத வையுங்கள். ஐந்தாறு எழுத்துதான், நல்ல ஓவியரிடம் கொடுத்தால் இதழின் ஆயுளுக்கும் நிற்கும். பழைய வடிவ லை, ணை, னை மேல் ஆசை இருந்தால் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். தமிழக அரசு 1978-இல் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு படித்தவர்கள் கட்டுரைக்குள் அவற்றைக் கண்டால் திணறுவார்கள். ஓவியருக்குப் பணம் கொடுக்கும் முன், பெயர் கிடைக்குமா என்று பார்த்துவிடுங்கள். பருவ இதழ்ப் பதிவுக்கான புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர்ப் பதிவு இணையவழியில்தான் நடக்கிறது.

தாள், நிறம், அச்சகம்?

பூச்சில்லாத தாளான மேப்லித்தோவில் மை பரவும். மெல்லிய எழுத்து தாங்கும், ஏற்கெனவே தடித்தது அடைக்கும். ஆர்ட் பேப்பரில் நேர்மாறு: டிரோ தமிழின் மெல்லிய கோடுகள் கூர்மையாக வரும், ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் தாள் பளபளத்துக் கண்ணைக் கூசும். பாடல் பக்கங்களை மேப்லித்தோவிலும் படப் பக்கங்களை ஆர்ட் பேப்பரிலும் போடுவது என் விருப்பம்.

கட்டுரை எழுத்து முழுக்கக் கறுப்பு ப்ளேட்டில் (கறுப்பு மைக்கான அச்சுத் தகட்டில்) மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பாக இருந்தால், ப்ளேட் இம்மி நகர்ந்தாலும் ஸ்தாயிப் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரியும். மத்ய ஸ்தாயி எது, தார ஸ்தாயி எது என்று யாரும் சொல்ல முடியாது. சென்டர் பின் இதழுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஓரம்வரை ஓடும் படத்துக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள். தமிழ் அறியாத ஆபரேட்டர் இருக்கும் அச்சகமென்றால் பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள். திறந்த கோப்பைக் கொடுத்தால் அங்கே இல்லாத எழுத்துருவுக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்துவிடும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அந்த மாற்றம் கண்ணில் படாது. ப்ளேட் எடுக்கும் முன் பாடல் பக்கத்தின் ப்ரூஃபை மட்டுமாவது உண்மையான அளவில், உண்மையான தாளில் வாங்கிப் பாருங்கள்.